கண்ணுக்கு மட்டுமோ தமிழ்?



கணிப்பொறித் திரையில் ‘அம்மா’ என்னும் சொல்லைக் காண்கின்றீர்கள். கண்ணுள்ள உங்களுக்கு அஃது அம்மாதான். கண்ணொளி இழந்த ஒருவர்க்கு, அதே திரையை அவர்தம் பொறி படித்துச் சொல்கின்றது: “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.” இது நகைப்புக்காகப் புனைந்து கூறுவதன்று. ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் அடிக்கப்பெற்ற ‘அம்மா’, பொறியின் உள்ளே இருக்கும் உண்மை நிலை அதுவே. மேலே தமிழ்த் தோல். உள்ளே ஆங்கிலக் குறி. தமிழனின் இன்றைய நிலைக்கு இதைவிடப் பொருத்தமான படிமத்தைப் பாவலர் எவரும் ஆக்கித் தரவியலாது!

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலக்கத்து 80 ஆயிரவர். அவருள் பார்வைக் குறையுடையோர் மட்டும் ஒன்றேகால் இலக்கத்திற்கு மேற்பட்டோர். இவர்களிற் பெரும்பாலோர்க்கு வீட்டுமொழியும் ஊர்மொழியும் தமிழே. இவர்களுள் தமிழிலக்கியம் கற்றுத் தமிழாசிரியராய் விளங்குவோர் பலர். தமிழைக் காதாலும் விரல்நுனியாலும் கற்று, பிறர்க்குக் கற்பிக்கும் இவர்கள், தமிழில் வெளிவரும் ஓர் அரசாணையைத் தாமே படிக்க இயலாமல் அண்டை வீட்டாரை எதிர்நோக்கி நிற்கின்றனர் என்றால், அந்தத் தலைக்குனிவு யாருக்கு உரியது? அவர்களுக்கா? தமிழை ஆட்சிமொழி என்று 1956-இலேயே சட்டமியற்றி வைத்துக்கொண்டுள்ள நாட்டுக்கா?

முதற்கண், இந்தப் பொறி இன்னதெனத் தெளிவோம். கணிப்பொறித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் உள்ள எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக் காட்டும் நிரலுக்குத் திரைபடிப்பான் என்று பெயர். பல்லாண்டுக் காலம் இது பெருவிலைப் பொருளாகவே இருந்தது. அமெரிக்க நிறுவனம் விற்ற நிரலை வாங்கப் பல்லாயிரம் உருபா வேண்டும். கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது கனவு. 2006-இல் ஆத்திரேலியாவில், தாமே கண்ணொளியற்ற மைக்கேல் கர்ரன், சேம்சு டே என்னும் இளைஞர் இருவர், ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைபடிப்பானை உருவாக்கி உலகினர்க்கு விலையின்றி வழங்கினர். அதன் மூலநிரலையும் மறைக்காமல் திறந்துவைத்தனர். எம்மொழியினரும் தம் மொழிக்குரலை அதனோடு பொருத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. கதவு திறந்தது, உள்ளே போகக் குரல் வேண்டுமே! தமிழ்க்குரலுக்கு எங்குச் செல்வது?

இவ்விடத்தில்தான் நம் பேராசிரியர் சிலரின் உழைப்பை நன்றியோடு நினைத்தல் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணிப்பொறியியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் கலியாணகிருட்டிணன், பார்வையற்றோர் தாமே அடித்துத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளத்தக்க பன்மொழித் தொகுப்பி ஒன்றை ஆக்கினார். அதே துறைப் பேராசிரியர் ஏமா மூர்த்தி அம்மையார், பல பல்கலைக்கழகங்களும் ஆய்வு நடுவங்களும் கூடிய கூட்டமைப்பை முன்னின்று நடத்தி, முதலில் ஆறு மொழிகளுக்கும் பின்னர்ப் பதின்மூன்று மொழிகளுக்கும் எழுத்தை ஒலியாக்கும் பொறிக்குரலை உருவாக்கினார். அவ்வாறு மொழிகளுள் தமிழும் ஒன்று. அக்குரல்கள் விலையில்லாத் திரைபடிப்பான்களோடு இணைக்கப்பெற்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரான ஆ.க. இராமகிருட்டிணன், தமிழ்க் குரலொலிப்பி ஒன்றுக்குத் ‘திருக்குறள்’ என்றே பெயர் சூட்டினார். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரியை அவருடைய ஆய்வகம் ஆக்கியது. அதனைக்கொண்டு சென்னை ‘ஒர்த்’ அறக்கட்டளை நூற்றுக்கணக்கான நூல்களைப் பிரெயில் வடிவிற்கு மாற்றியது. கன்னட நாட்டுத் தலைநகரில் அமர்ந்து தமிழ்க் குருடர்க்கு வழி செய்த அந்த உழைப்பைத் தமிழ்நாட்டு மேடைகளில் எத்துணைப் பேர் எடுத்துரைத்தனர்? திரைப்பட நடிகர்க்குக் கட்டிய வளைவுகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும்.

‘மாந்தரை வலிவுறச் செய்தல்’ என்று இவ்வாய்வுகளுக்கு ஆங்கிலக் கட்டுரைகளில் தலைப்பிடுவர். தலைப்பு எவ்வாறாயினும் உள்ளே இருக்கும் செய்தி எளியது. பிறர் படித்துக் காட்டக் கேட்பவன், பிறர் படிக்க விரும்பியதை மட்டுமே கேட்பான். தன் வங்கிக் கணக்கையும் தனக்கு வந்த மடலையும் நிலப்பட்டாவையும் தானே படிப்பவன்தான் தன்னாண்மை உடையவன். இதனைத் தமிழனுக்கு விளக்கவேண்டுவதில்லை. தன் நாட்டுச் சட்டத்தை இன்னொருவன் மொழியில் இன்னொருவன் படித்துச் சொல்லக் கேட்டுக் கேட்டே நூறாண்டாக நொந்தவனல்லனோ அவன்!

இனி, இவ்வாய்வு நமக்குத் தந்த ஒரு பெரிய உண்மையை விரித்துரைப்போம். தூய தமிழ் என்றவுடன் ‘அது புலவர்களின் பொழுதுபோக்கு’ என்று வாய்கோணிப் பேசுவார் நம்மிடையே உளர். அவர்கள் இப்பொறியினிடம் பாடம் கேட்பாராக.

எழுத்தைக் கண்டு ஒலியை எழுப்பவேண்டிய பொறி, ஒவ்வோர் எழுத்தும் எவ்விடத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்னும் நெறியை அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் அந்நெறி கிட்டாது. நான்கெழுத்துக் கோவை ஒன்றே அங்கு ஐந்து சொல்லில் ஐந்து வகையாய் ஒலிக்கும். ஆதலின் பல்லாயிரம் சொற்களின் ஒலிப்பைப் பட்டியலிட்டுப் பொறிக்குள் திணிக்கின்றனர். தமிழுக்கோ சில நெறிகளே போதும். ககரம் ‘கண்’ணில் முதலில் நின்று வலிந்தொலிக்கும், ‘பக்க’த்தில் இரட்டித்து வலிந்தொலிக்கும், ‘தங்க’த்தில் மெல்லினத்தின் பின் நின்று பொலிந்தொலிக்கும், ‘பக’லில் உயிர்களிடையே நின்று நெகிழ்ந்தொலிக்கும். எழுத்து ஒன்றே, இடத்தால் ஒலி வேறுபடும், அவ்வேறுபாட்டிற்கு ஒழுங்கு உண்டு. தகரம், பகரம், டகரங்களுக்கும் ஏறத்தாழ இஃதே ஒழுங்கு. எழுத்தின் பிறப்பிடத்தையே தனி இயலாக வகுத்த தொல்காப்பியத்தின் மரபு இது. எழுத்து என்பதை முதலில் ஒலியாகவும் பின்னரே வடிவாகவும் கண்ட இலக்கணம் நம்முடையது. இந்திய மொழிகளுக்கு ஒலிப் பகுப்பான் எழுதிய ஆய்வாளர்களும், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையேயுள்ள இவ்வொழுங்கையே அடிப்படையாகக் கொண்டனர்.

இவ்வொழுங்கைக் கெடுப்பது எது? அயற்சொல்!

‘பந்து’ என்று எழுதியிருக்கின்றது. பொறி என்ன செய்யும்? தமிழ்நெறிப்படி முதற்பகரத்தை வலிந்தொலித்து, சிறுவர் எறிந்தாடும் பந்து என்று படிக்கும். எழுதியவரோ உறவினன் என்னும் வடசொல்லை அங்கே வைத்துள்ளார்! அதன் முதலெழுத்து வடமொழியில் பொலிந்தொலிப்பது. ‘பாவம்’ என்று எழுதியிருக்கின்றது. தீவினையா? முகத்தில் தோன்றும் மெய்ப்பாடா? இரண்டுமே வடமொழி வரவு, இரண்டிற்கும் வடமொழியில் முதலொலி வேறு, தமிழெழுத்தில் ஒன்றே. ‘தீவினை’ என்றும் ‘மெய்ப்பாடு’ என்றும் எழுதியிருந்தால் பொறிக்கும் ஐயமில்லை, கேட்பவர்க்கும் ஐயமில்லை. ஆங்கிலச் சொற்களை வகைதொகையின்றிக் கலந்தெழுதும் இற்றைச் செய்தித்தாள் நடையோ கேட்கவே வேண்டா. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவர். பொறி அதைத் தமிழ்நெறிப்படி ஒலிக்கும். கேட்பவர் அஃது எந்தச் சொல் என்று மலைத்து நிற்பார். ஆங்கில எழுத்திலேயே இடையிற் செருகினாலோ, குரலைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றித் திணறும்.

கண்ணுள்ளவன் கலப்புநடையைக் கண்ணால் தாண்டிச் செல்கின்றான். கண்ணற்றவன் அதன்மேல் இடறி விழுகின்றான். மறைமலையடிகள் தனித்தமிழ் கண்டபோதும், பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் மாணவர்க்குச் சொல்லாய்வு புகட்டியபோதும் கணிப்பொறி இந்நாட்டை எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் கண்ட நெறியைப் பொறி இன்று தன் போக்கில் மெய்ப்பித்துக் காட்டுகின்றது. ‘தூயதமிழ் மக்களுக்கு விளங்காது’ என்பார்க்கு விடை: பொறிக்கு விளங்குகின்றது, பொறிவழிக் கேட்கும் மக்களுக்கும் விளங்குகின்றது, உங்களுக்குத்தான் விளங்கவில்லை!

இக்காலத்துப் புதிய பொறிகள் பெருந்திரளான எழுத்தையும் பேச்சையும் விழுங்கித் தாமே ஒலிப்பைக் கற்றுக்கொள்கின்றனவே, இனி நெறி எதற்கு என்று கேட்பாரும் உண்டு. கற்கட்டும். எதைக் கற்கும்? நாம் இணையத்தில் எதை எழுதிக் குவிக்கின்றோமோ அதைத்தான் கற்கும். குப்பையை ஊட்டினால் குப்பையே பேசும்.

அடுத்து, எழுத்துரு என்னும் இழிவுக்கு வருவோம். இதில் கோவைக்குத் தனிப்பங்கு உண்டு.

1990-களில் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியோர் ஆளுக்கொரு குறியேற்றம் வகுத்தனர். கடைக்கொரு எழுத்துரு, அச்சகத்துக்கொரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் பொறியில் திறந்தால் கட்டங்களும் கோடுகளுமே தெரியும். 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் வழியே தமிழ்நாட்டரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நன்று, இன்றும் நிற்கின்றது. குறியேற்றங்களோ கண்ணுக்குத் தெரியும் வடிவையே அடிப்படையாகக் கொண்டவை. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்க. வாயில் முதலில் பிறப்பது ககர மெய், அடுத்து ஒகரம். உயிர்மெய்யுள் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாய் வரும் என்பது தொல்காப்பியர் கண்ட முறை. அக்குறியேற்றங்களிலோ முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் கால் என மூன்று துண்டுகள். கொம்பு எழுந்து ககரத்துக்கு முன்னே வந்து நிற்கும்! வடிவைத் துண்டு துண்டாய் அடுக்கிய அவ்வரிசையை ஒலியாக மாற்றவேண்டுமாயின் பொறி முதலில் அதனைப் பிரித்து மீண்டும் கோக்கவேண்டும்.

கண்ணற்றோர் விரலாற் படிக்கும் பிரெயில் முறையோ தொடக்கமுதல் ஒலிவரிசையையே போற்றிற்று. பாரதி பிரெயில் என 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாய் வகுக்கப்பெற்ற முறையில், ககரத்தின் ஆறுபுள்ளிக் கட்டம் முதலில் வரும்; ஒகரத்தின் கட்டம் அடுத்து வரும். கொம்புமில்லை; காலுமில்லை. அதாவது, கண்ணற்ற தமிழ்ப்பிள்ளை விரலால் தொல்காப்பியநெறி பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, கண்ணுள்ள தமிழறிஞர் கணிப்பொறியில் கொம்பை முன்னே நட்டுக்கொண்டிருந்தனர்!

ஒருங்குறி வந்தது. அதிலும் நமக்குக் குறை உண்டு. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தராமல், உயிர்க்கும் அகரமேறிய மெய்க்கும் குறிகளுக்கும் மட்டும் இடம் தந்து, தமிழை வடநாட்டு எழுத்துகளின் அச்சில் வார்த்த குறை அது. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும், ஒருங்குறியில் தமிழெழுத்து தமிழெழுத்தாகவே இருக்கின்றது. ஆங்கில எழுத்தின் முகமூடியாக இல்லை. ஒலிவரிசையும் பிறழாது. திரைபடிப்பான் அதைப் படிக்கும்.

2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாட்டின் முதல் நாளிலேயே தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது: இனி ஒருங்குறியே அரசின் குறியேற்றம்; தேவைப்படும் இடத்தில், ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் பதினாறு துகள் அனைத்தெழுத்துக் குறியேற்றம். கொங்கு மண்ணில் பிறந்த ஆணை! பெருமைப்பட்டோம். அதன்பின் நடந்ததென்ன? ஆண்டுகள் பல சென்ற பின்னும் அலுவலகங்களில் ‘வானவில்’ முதலிய பழைய எழுத்துருக்களே ஆட்சி செய்தன. ஒருங்குறியில் அடித்த சுற்றறிக்கையைக்கூட அச்சிட்டு, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, மீண்டும் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகின்றனர். படத்தில் எழுத்தேது? திரைபடிப்பான் அதைத் திறந்து வாய்மூடி நிற்கின்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு இன்ன உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கும் ஆணையே மாற்றுத்திறனாளி படிக்கவியலாப் படமாக இருப்பதைவிடப் பெரிய கேலிக்கூத்து ஒன்று உண்டா?

அரசை மட்டும் சாடிவிட்டுப் போவதற்கில்லை. அதே 2010-இல், கிரந்த எழுத்துகள் இருபத்தாறை ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியோடு சேர்க்க முன்மொழிவு எழுந்தபோது தமிழ் அமைப்புகள் கொதித்தெழுந்தன, தமிழ்நாட்டரசு தில்லிக்கு மடல் எழுதியது, முன்மொழிவு தடைப்பட்டது. நல்ல போர். வேண்டிய போர். அப்போரில் முழங்கிய அமைப்புகள் பலவற்றின் வெளியீடுகள் இன்றும் எவ்வாறு இணையத்தில் கிடக்கின்றன என்று பாருங்கள். பாமினியில் அடித்தவை, படமாய் வருடியவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் அரிய நூல்கள் உள்ளன, பெரும்பாலானவை பக்கப்படங்களே. அழியாமற் காத்தது பெருந்தொண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பாதித்தொண்டு. 1998 பொங்கல் நாளில் அயல்நாட்டுத் தமிழரின் முயற்சியால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமோ, தன்னார்வலர் பலர் கைவலிக்கத் தட்டச்சிட்ட எழுத்துகளாகவே நம் நூல்களை வழங்குகின்றது. ஒரு காசும் வாங்காதவர்கள் செய்ததை, கோடிகள் ஒதுக்கும் அரசும் ஊர்வலம் நடத்தும் அமைப்புகளும் செய்யவியலாதா?

பதிப்புரிமை தடுக்கின்றது என்று பதிப்பகத்தார் சொல்வர். அச்சாக்கும் செல்லாது. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்று, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்ற, ஊதியம் கருதாது செய்வோர்க்கு உரிமையாளரின் இசைவு வேண்டா என்றாயிற்று. இதே நோக்கில் 2013-இல் மாரகேசு நகரில் உலக நாடுகள் கண்ட உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. தில்லி முந்திக்கொண்டு ஒப்பமிட்டது. ஒப்பமிட்ட தாள் தமிழ்நூலைப் படித்துக் காட்டுமா?

தில்லி என்றதும் மற்றொன்றும் சொல்லியாகல் வேண்டும். 2015 திசம்பர் 3 அன்று நடுவணரசு ஓர் இயக்கம் தொடங்கியது. கட்டடங்களும் ஊர்திகளும் இணையத்தளங்களும் மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகத்தக்கனவாக வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே. பெயர்? ‘சுகம்ய பாரத்’! அதே திங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ‘திவ்யாங்’ என்று புதுப்பெயர் சூட்டினார் தலைமையமைச்சர். தெய்வத்தன்மை பொருந்திய உறுப்பினராம்! தெய்வம் ஆக்கவேண்டா, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டுங்கள் என்று அம்மக்களின் அமைப்புகளே அன்று கேட்டன. தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் தன்மதிப்புச் சொல்லை நாம் முன்னரே ஆட்சிக்குக் கொண்டுவந்துவிட்டோம். நம் சொல் நமக்குப் போதும். அலுவற் பலகைகளிலும் தொடர்வண்டிகளிலும் ‘திவ்யாங்’கைத் தமிழன் தலையில் கட்டுவானேன்? 2022-இல் மொழிபெயர்ப்புப் பொறித்திட்டம் தொடங்கினர்; பெயர் ‘பாசினி’. அனைத்து மொழிகளுக்கும் ஆன திட்டத்தின் பெயர்கூட அந்த ஒரு மொழியிலிருந்துதான் வரவேண்டும் போலும்.

பெயரோடு போயிற்றா? பணத்திலும் அதே கணக்கு. 2017-18 முதல் 2019-20 வரையான மூன்றாண்டுகளில் சமற்கிருத வளர்ச்சிக்கு நடுவணரசு செலவிட்டது 643 கோடி உருபாவுக்கு மேல். தமிழுக்குச் செலவிட்டது 23 கோடிக்கும் குறைவு. எவருடைய வீட்டுமொழியாகவும் பெரிதும் வழங்காத ஒரு மொழிக்கு அத்துணை. எட்டுக்கோடி மக்களின் வாய்மொழிக்கு இத்துணை. பொறிக்குரல் ஒன்றைச் செம்மையாக ஆக்க, நல்ல குரலுடையார் பல மணிநேரம் படித்துப் பதிவுசெய்யவேண்டும்; பதிவை அசை அசையாகப் பகுத்துக் குறிக்கவேண்டும்; நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் ஈழப்பேச்சும் அறியும் செவிப்பொறி வேண்டுமாயின் அவ்வம் மண்ணில் போய்ப் பதிவுசெய்யவேண்டும். இவையெல்லாம் பணம் கேட்கும் வேலைகள். பணப்பையின் வாய் தில்லியில் இருக்கும்வரை, பேராசிரியர்கள் எத்துணை நல்லவராயினும், தமிழுக்கு ஒதுக்கிய காலம் முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிடும். தமிழ்க் குரலுக்கான ஆய்வைத் தமிழ்நாட்டரசே தன் பணத்தில், தன் பல்கலைக்கழகங்களில், தொடர்பணியாக நடத்தவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கின்றது. அதைப் பயன்கொள்ளுவார் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகச் செய்திகள் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு ஆவன செய்யவேண்டும் என்கின்றது. 2024 நவம்பர் 8 அன்று இந்திய உச்சநீதிமன்றம், அணுகுதகைமை பற்றிய நெறிகளை ‘முடிந்தால் செய்க’ என்னும் நிலையில் விட்ட விதி சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய நெறிகள் வகுக்க ஆணையிட்டது. 2025 ஏப்பிரல் 30 அன்று, மின்னணு வழிகளை அணுகும் உரிமை அரசியற் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ் உரிமையின் கூறு என்றது. இத்தீர்ப்புகளைக் கையில் ஏந்தித் தமிழன் கேட்கவேண்டிய அடுத்த வினா ஒன்றே: எந்த மொழியில்? உயிர்வாழும் உரிமை ஆங்கிலம் அறிந்த பார்வையற்றோர்க்கு மட்டுமா?

கொங்குநாட்டார்க்கு ஒரு சொல்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கனார் தோற்றுவித்த வித்தியாலயத்தில், பார்வையற்ற பிள்ளைகளைத் தனியே அடைக்காமல் ஊர்ப்பள்ளியிலேயே பிற பிள்ளைகளோடு சேர்த்துப் படிப்பிக்கும் முறைக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஆசிரியர்களைப் பயிற்றினர். அப்பணியில் முன்னின்ற ம.ந.க. மணி, பார்வையற்றோர் கல்விக்கான உலகப் பேரவையின் பொதுச்செயலராக உயர்ந்தார். தமிழ்க் கலைக்களஞ்சியம் காணக் காரணரான அதே அவினாசிலிங்கனாரும், அதன் முதன்மைப் பதிப்பாசிரியராய் இருந்து முடித்த பெரியசாமித் தூரனும் கொங்குநாட்டவர். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியை வளர்த்த கோ.இரா. தாமோதரன், ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் இதழைத் தமிழில் நடத்தி, அறிவியல் தமிழில் வாராது என்றாரின் வாயை அடைத்தார். கோ.து. நாயுடு பள்ளிப் படிப்பை நெடிது கல்லாமலே பொறிகளை ஆக்கினார். இத்துணை மரபுடைய கோவையின் வார்ப்பாலைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் நீரேற்றும் மின்னோடிகளும் மாவாட்டும் பொறிகளும் நாடெங்கும் செல்கின்றன. புள்ளியெழுத்துப் பொறிக்கும் எளிய கருவியை இங்கே வார்க்க இயலாதா? எட்டிமடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே.பி. சோமனின் குழுவினர் தமிழ்ச் சொற்பகுப்புப் பொறி ஆக்கினர். மூலைக்கு மூலை பொறியியற் கல்லூரிகள் முளைத்த இக்கொங்கு மண்ணில், ஆண்டுதோறும் வெளிவரும் ஆயிரக்கணக்கான கணிப்பொறி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களில் தமிழ் கேட்கும் பொறி எத்தனை? 2010-இல் அண்ணாப் பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலையும் எந்திரவியலையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. அன்று கணிப்பொறியியலைத் தமிழில் கற்பியாது விட்ட நாட்டில் கணிப்பொறி தமிழ் பேசாததில் வியப்பென்ன?

பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரை (1836-1884) எண்ணிப் பார்க்கின்றோம். மூன்று அகவையில் அம்மைநோயால் கண்ணொளி இழந்தவர். பிறர் படிக்கக் கேட்டே இலக்கண இலக்கியங்களை நெஞ்சிற் பதித்துப் பெரும்புலவரானார். அவர்தம் நினைவாற்றல் அத்தகையது. ஆனால், நாவலராகும் நினைவாற்றல் இருந்தால்தான் கண்ணற்ற பிள்ளை தமிழ் படிக்கலாம் என்பது எந்த அறம்? பொதுவான அறிவுடைய பொதுவான பிள்ளைக்கும் நூல் வேண்டும். உடுமலைப் பக்கத்துச் சிற்றூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவனுக்குப் பாவாணரின் ‘ஒப்பியன்மொழிநூல்’ கேட்கவேண்டும் என்று தோன்றினால், அந்த இரவிலேயே, எவரையும் எழுப்பாமல், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்க முடியவேண்டும். 

எனவே கேட்கின்றோம். நாட்டுடைமையாக்கப்பெற்ற தமிழறிஞர் நூல்கள் அனைத்தும் ஒருங்குறி எழுத்துகளாக, மெய்ப்புப் பார்த்து வெளியிடப்படுக; படங்களாக அல்ல. அரசாணை எதுவாயினும் அடித்த எழுத்தாகவே வெளிவருக. முத்திரை வேண்டுமாயின் மின்ஒப்பம் இருக்கின்றது. தமிழ்க் குரலொலிப்பிக்கும் எழுத்துணரிக்கும் மாநில அரசே ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி, மூலநிரலைத் திறந்துவைக்கட்டும். பாடநூல்களைப் பொறுத்தவரை, பள்ளி திறக்கும் நாளன்றே பார்வையற்ற பிள்ளையின் கையிலும் நூல் இருத்தல் வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்தபின் வரும் பிரெயில் நூல் யாருக்கு?

தமிழ் அமைப்பினர் நாளையே செய்யத்தக்க வேலையும் ஒன்று உண்டு. உங்கள் வெளியீட்டைக் கணிப்பொறியில் திறந்து, திரைபடிப்பானை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் கேளுங்கள். கேட்டபின், பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன, மாற்றுங்கள். மாற்றியபின், 2010 சூன் 23-ஆம் நாள் ஆணையை எடுத்துக்காட்டி, உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த அலுவலகம் அதனை நிறைவேற்றியுள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வரும் விடை தமிழில் இருக்கட்டும். படமாக வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, எழுத்தாகக் கேளுங்கள்.